ஆக்சிஜன் சென்சாருக்கு வீட்டிலேயே பொய் சிக்னல் செய்து மாட்டலாமா?

கேள்வி: "அண்ணே, மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் இருக்கிறேன். 2014 மாடல் பெட்ரோல் கார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேன் பண்ணினால் பி0420 என்று வருகிறது. பட்டறையில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சென்சாரும் மாற்றணும், நாற்பதாயிரம் பக்கம் ஆகும் என்கிறார்கள். டவுன்ஹால் ரோட்டில் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் வாங்கி ஆக்சிஜன் சென்சார் சிமுலேட்டர் செய்து மாட்டினால் லைட் அணைந்துவிடும், செலவு நூறு ரூபாய்கூட வராது என்கிறான் நண்பன். எனக்கு சால்டரிங் தெரியும். செய்யலாமா?"

பதில்:

தம்பி, உங்கள் மாடலுக்கு லைட் அணைய வாய்ப்பு இருக்கிறது. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் லைட் எரிவதால் உங்களுக்கு ஒரு பைசா செலவு இல்லை. லைட்டை எரிய வைத்த காரணம்தான் செலவு வைக்கும், அது உள்ளேயே இருக்கும். இன்னொன்று, புகையைச் சுத்தப்படுத்தும் அந்தக் கன்வெர்ட்டர் நிஜமாகவே போய்விட்டதா என்று இதுவரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஸ்கேனர் காட்டிய எரர் கோடைப் படித்துவிட்டு விலை சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் எந்த சென்சார் என்று பிரித்துக்கொள்வோம். உங்கள் காரில் இரண்டு இருக்கும். ஒன்று கன்வெர்ட்டருக்கு முன்னால், இன்ஜினை ஒட்டி. இன்னொன்று கன்வெர்ட்டருக்குப் பின்னால். இரண்டும் பெரும்பாலும் சிர்கோனியா செராமிக். வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜனுக்கும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசத்தை வோல்டேஜாகக் காட்டும். சூடு 300 டிகிரியைத் தாண்டினால்தான் வேலை செய்யும். அதற்காகத்தான் உள்ளேயே ஒரு ஹீட்டர். பெட்ரோல் அதிகமாகப் போனால் 0.8, 0.9 வோல்ட். காற்று அதிகமானால் 0.1 பக்கம். நடு அளவு 0.45.

முன் சென்சார் சும்மா நிற்காது. ஓடும் இன்ஜினில் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் மிச்ச ஆக்சிஜனைத் தன்னுள் வாங்கி வைத்து, தேவைப்படும்போது விடும். அதனால் பின்னால் வரும் புகையில் அந்த ஆட்டம் இருக்காது, பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் அமைதியாக நிற்கும். கன்வெர்ட்டரின் சக்தி போனால் முன்னால் ஆடுவது அப்படியே பின்னாலும் ஆடும். இசியு அதைக் கண்டுபிடித்துப் போடும் கோடுதான் பி0420.

உங்கள் நண்பர் சொல்லும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் பின் சென்சாரின் ஆட்டத்தை மழுக்கி நேர்கோடாக்கும். இசியு, "கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது" என்று நம்பிவிடும். தத்துவம் இவ்வளவுதான், பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அதன் மதிப்புகளையும் எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்பதையும் நான் எழுதப் போவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 190(2)-ன்படி, காற்று மாசு விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்க வழி இருக்கிறது. நம் ஊரில் யார் பானெட்டைத் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்பீர்கள். சரி, யாரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு உங்களுக்குச் சாதகமாக இல்லை.

ஏனென்றால் கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, வேறொன்று அதைக் கொல்கிறது. ஒரு சிலிண்டர் மிஸ் ஆகி, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால், உள்ளே இருக்கும் செராமிக் தேன்கூடு அமைப்பே உருகிவிடும். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பிளாட்டினம், பல்லேடியம் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். ஹெட் கேஸ்கட் வழியாகக் கூலண்ட் கசிந்தாலும் இதே கதி. இதில் எதையும் சரி செய்யாமல் பொய் சிக்னல் போட்டால், உருகிய தேன்கூடு ஒருநாள் சைலன்சர் வழியையே அடைக்கும். பிக்கப் போகும், இன்ஜின் சூடேறும். அன்றைக்கு நாற்பதாயிரத்தோடு நிற்காது.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பின் சென்சாரை மட்டும் ஏமாற்றினால் பெரும்பாலான கார்களில் மைலேஜ் பெரிதாக மாறாது, அது முக்கியமாகக் கண்காணிப்புக்காக வைத்தது. சில கார்களில் மட்டும் பெட்ரோல் அளவைச் சின்னதாகத் திருத்தவும் அதைப் பயன்படுத்துவார்கள். ஆகவே "சிமுலேட்டர் போட்டால் மைலேஜ் பாதியாகிவிடும்" என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். "மைலேஜ் கூடும்" என்று யாராவது விற்க வந்தாலும் நம்ப வேண்டாம்.

முன் சென்சார் கதை முற்றிலும் வேறு. அங்கே பொய் சிக்னல் போடும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். 555 என்ற டைமர் ஐசி வைத்து 0.2-க்கும் 0.8-க்கும் நடுவே ஆடும் சிக்னல் செய்வது எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவருக்கு ஒரு மாலை நேர வேலை. ஆனால் இசியு சும்மா ஆட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. தான் பெட்ரோலைக் கூட்டினால் வோல்டேஜ் ஏறுகிறதா, குறைத்தால் இறங்குகிறதா என்று பார்க்கிறது. பொய் சிக்னல் தன்பாட்டுக்கு ஆடும், எதற்கும் பதில் சொல்லாது. இசியு திருத்தித் திருத்தி, பெட்ரோல் திருத்த அளவை ஒரு பக்கமாக எல்லை வரை தள்ளிவிடும்.

கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குவதை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் இறங்கும்போது இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சைலன்சரில் போவது வெறும் காற்று. அசல் சென்சார் அந்த நிமிடமே கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். 555 ஐசிக்கு மலையும் தெரியாது, இறக்கமும் தெரியாது, அது தன் தாளத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 கார்களில் இந்த மாதிரிச் சோதனைகள் இன்னும் கூடுதல். சிலவற்றில் முன் சென்சாரே ஐந்து ஒயர் வைத்த வைடுபேண்டு வகை. அது வோல்டேஜை அல்ல, கரண்டைப் பார்த்து வேலை செய்வது. அதை ரெசிஸ்டர் கெப்பாசிட்டரால் ஏமாற்றவே முடியாது.

இப்போது பங்க்குகளில் வருவது இ20 பெட்ரோல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்த பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் அது சுமார் 13.5-க்கு இறங்கும். அதாவது அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். 2014-ல் வந்த உங்கள் கார் இ20-க்காகச் செய்யப்பட்டது அல்ல. இருந்தும் அது பெரிய தொல்லையில்லாமல் ஓடுகிறது என்றால், முன் சென்சார் "லீன், லீன்" (எரிபொருள் குறைவு) என்று சொல்லச் சொல்ல இசியு கூட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பதால்தான். அந்தச் சென்சாரின் வாயை அடைத்தால் கார் 8 சதவீதம் வரை பெட்ரோல் குறைவாக ஓடலாம். ஏற்றத்தில் இழுக்காமல் மிஸ் ஆகலாம்.

இந்த சிமுலேட்டர் யோசனை நம் பட்டறைகளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு பகுதி கேஸ் கிட்டில் இருந்து. பழைய மிக்சர் வகை எல்பிஜி, சிஎன்ஜி கிட்களில் லாம்டா எமுலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி கூடவே வரும். கேஸில் ஓடும்போது பெட்ரோல் இசியு குழம்பிப்போய்க் கோடு போடாமல் இருக்க அது பொய் சிக்னல் கொடுக்கும். அசல் சென்சாரைப் பார்த்துக் கேஸ் அளவை அந்தக் கேஸ் கிட் தானாகவே கவனித்துக்கொள்ளும் அமைப்புகளில் அதற்கு நியாயம் உண்டு. பெட்ரோலுக்கு மாற்றினால் எமுலேட்டர் ஒதுங்கி, அசல் சென்சார் திரும்ப வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு "இது பெட்ரோல் காருக்கும் ஆகும்" என்று எடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

சரி, உங்கள் சால்டரிங் ஆசையையும் வீணாக்க வேண்டாம். வீட்டில் செய்யும் சிமுலேட்டருக்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது. சென்சாரில் கோளாறா, ஒயரில் கோளாறா, இசியுவில் கோளாறா என்று பிரித்துப் பார்க்க அதைவிடச் சீப்பான கருவி கிடையாது. சென்சார் கோடு வரும்போது கேட்பாரில்லாமல் புதுச் சென்சார் வாங்கி மாட்டி, லைட் மறுபடி எரிந்து, "இசியு போய்விட்டது" என்று அடுத்த பில் போடுவதை இது தடுக்கும்.

ஒரு பென்சில் பேட்டரி, ஒரு 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், ஒரு மல்டிமீட்டர், இவ்வளவு போதும். பேட்டரியின் இரண்டு முனையையும் வால்யூமின் இரண்டு ஓரக் கால்களில் வையுங்கள். நடுக்காலுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்து 0.8 வோல்ட் வரும்படி திருப்புங்கள். இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது முன் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, இசியு பக்கம் போகும் ஒயரில் சிக்னல் பின்னுக்கு நடுக்காலையும் சிக்னல் கிரவுண்டுக்கு நெகட்டிவையும் கொடுங்கள். பின்னின் வாயை அகட்டிவிடாமல் மெல்லிய கம்பியால் தொட்டால் போதும். கனெக்டர் பக்கத்தில் சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும், கை பத்திரம்.

சென்சார் பக்க ஒயரில் நிறத்தை வைத்து எது எது என்று கண்டுபிடிக்கலாம். பாஷ், என்டிகே வகைகளில் வழக்கமாக இரண்டு வெள்ளை ஒயர் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் கிரவுண்டு. டென்சோவில் இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை கிரவுண்டு. உங்கள் காரின் ஒயரிங் படத்தோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள். ஹீட்டர் பின்னில் 12 வோல்ட் நிற்கும், அதைத் தவறியும் சிக்னல் பின்னில் சேர்த்துவிடக் கூடாது.

இப்போது ப்ளூடூத் ஸ்கேனரில் அந்தச் சென்சாரின் வோல்டேஜைப் பாருங்கள். 0.8 காட்டினால் ஒயரும் இசியுவும் பிழையில்லை. கூடவே ஷார்ட் டெர்ம் ஃபியூயல் டிரிம் (இசியு உடனுக்குடன் செய்யும் பெட்ரோல் திருத்தம்) மைனஸ் பக்கம் நகர ஆரம்பிக்கும், "ரிச்" (பெட்ரோல் அதிகம்) என்று நம்பிப் பெட்ரோலைக் குறைக்கிறது என்று அர்த்தம். வால்யூமைத் திருப்பி 0.2-க்குக் கொண்டுவாருங்கள், டிரிம் பிளஸ் பக்கம் ஏறும். இரண்டும் நடந்தால் சிக்னல் ஒயர் மேலும் இசியு மேலும் சந்தேகம் வேண்டாம், குற்றவாளி பெரும்பாலும் சென்சார்தான். ஸ்கேனரில் எண் அசையவே இல்லை என்றால் ஒயரைத் தேடுங்கள். சோழவந்தான் பக்கம் வயலை ஒட்டி, தோப்பை ஒட்டி நிறுத்தும் கார்களில் எலி கடித்த ஒயர் சாதாரணம். சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஹீட்டர் கோடு ஒன்று புதிதாக விழுந்திருக்கும், அதை அழித்துவிடுங்கள். இதை மாட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்டக் கூடாது. வைடுபேண்டு சென்சார் உள்ள காரில் இதைச் செய்யவே வேண்டாம்.

உங்கள் பி0420-க்கு வருவோம். ஸ்கேனர் ஆப்பில் முன் சென்சார், பின் சென்சார் இரண்டையும் ஒரே கிராப்பில் போடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு 2,500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடியுங்கள். பின் சென்சாரின் வரி அமைதியாக இருந்தால் கன்வெர்ட்டர் இன்னும் சாகவில்லை. முன் சென்சாரின் வரியோடு சேர்ந்து வேகமாக ஆடினால், கன்வெர்ட்டருக்கு விலை கேட்பதற்கு முன் சைலன்சர் கசிவைப் பாருங்கள். மேனிபோல்டு கேஸ்கட்டிலோ, பைப் இணைப்பிலோ, சென்சார் மாட்டிய இடத்திலோ சின்ன ஓட்டை இருந்தால் அது வெளிக்காற்றை உறிஞ்சும், சென்சார் குழம்பும். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் ஈரத் துணியால் சைலன்சர் வாயைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் அடியில் காது கொடுக்க வேண்டும். "புஸ்" சத்தம் வரும் இடத்தில்தான் கோளாறு. ஒரு கேஸ்கட் விலையோடு முடிகிற வேலை.

அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் அளவு மாதாமாதம் குறைகிறதா என்று பாருங்கள். லாங் டெர்ம் டிரிம் (இசியு நாளடைவில் கற்றுவைத்த பெட்ரோல் திருத்தம்) பிளஸ் 10 சதவீதத்துக்கு மேலோ மைனஸ் 10-க்குக் கீழோ நின்றால், கன்வெர்ட்டரை விட்டுவிட்டு முதலில் அதைத் துரத்துங்கள். இன்னொரு சீப்பான வழி, புகைப் பரிசோதனை மையத்தில் சான்றிதழோடு அளவு அச்சிட்ட சீட்டையும் கேட்டு வாங்குவது. பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். 2,500 ஆர்பிஎம்மில் கார்பன் மோனாக்சைடு 0.2-க்குள், லாம்டா (காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் எண், 1 என்றால் மிகச் சரி) 0.97-ல் இருந்து 1.03-க்குள். லாம்டா சரியாக இருந்து கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏறினால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகப்படலாம். லாம்டாவே விலகியிருந்தால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. பைப்பைச் சைலன்சரில் விடாமலே சான்று அடித்துக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன, அங்கே போனால் இந்தத் தகவல் கிடைக்காது.

சென்சார் மாற்றும் நிலை வந்தால் கழற்றிய பழைய சென்சாரின் முனையை எறிந்துவிடாமல் பாருங்கள். கரிக்கறுப்பு என்றால் ரிச். வெள்ளைப் பொடி மாதிரி படிந்திருந்தால் யாரோ கேஸ்கட்டுக்குச் சாதாரண சிலிக்கான் பேஸ்ட் தடவியிருக்கிறார்கள், இல்லையென்றால் கூலண்ட் கசிகிறது. பழுப்பும் சாம்பலுமாக இருந்தால் ஆயில். காரணத்தை விட்டுவிட்டுப் புதுசை மாட்டினால் அதுவும் இப்படியே ஆகும். மழைக்காலத்தில் கருடர் பாலம் மாதிரி தண்ணீர் தேங்கும் இடத்தில் காரை இறக்கினால் சூடான செராமிக் பட்டென்று விரிசல் விடும், அதற்கு நிறம் எதுவும் காட்டாது. ஹீட்டர் வைத்த சென்சார் பொதுவாக ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வரை வரும். உங்களுடையது அந்த எல்லைக்குள் வந்துவிட்டதால் முன் சென்சார் சோர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு.

பழைய சென்சாரைக் கழற்றுவதற்கு இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது 22 எம்எம் ஸ்பேனர் போடுங்கள், முழுக்க ஆறினால் மரை பிடித்துக்கொள்ளும். புதியதில் ஆன்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) பூசியே வந்தால் மேலே எதுவும் தடவ வேண்டாம். தடவினாலும் மரையில் மட்டும், முனையில் படக் கூடாது. யுனிவர்சல் சென்சார் வாங்கி ஒயரை நீங்களே இணைப்பதென்றால் சால்டர் பண்ணாதீர்கள். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றை அந்த ஒயரின் இழைகளுக்கு நடுவே இருந்துதான் எடுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். கூடவே கொடுக்கும் கிரிம்ப் கனெக்டரை அழுத்தினால் போதும்.

எல்லாம் பார்த்த பிறகும் கன்வெர்ட்டர்தான் என்று உறுதியானால், மிக மலிவான லோக்கல் கன்வெர்ட்டரை யோசித்து வாங்குங்கள். பூச்சு மெலிதாக இருந்தால் அதே பி0420 சீக்கிரமே திரும்ப வரும். பழைய கன்வெர்ட்டரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, அதற்குத் தனி விலை உண்டு. எக்ஸ்சேஞ்சாகப் பில்லில் கழித்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த வாரம் கசிவையும் பிளக்கையும் பார்த்துவிட்டு எரர் கோடை அழியுங்கள். அழித்ததும் "லைட் போய்விட்டது" என்று முடிவு கட்ட வேண்டாம், கன்வெர்ட்டர் மானிட்டர், அதாவது இசியு தானே செய்யும் கன்வெர்ட்டர் சோதனை, மறுபடி ஓடி முடிய வேண்டும். காலையில் ஆறிய இன்ஜினை எடுத்து, கப்பலூரில் இருந்து ரிங் ரோட்டில் ஒத்தக்கடை பக்கம் வரை 60, 70 வேகத்தில் நிலையாக ஓட்டி வாருங்கள். ஆப்பில் ரெடினஸ் பகுதியில் கேட்டலிஸ்ட் என்பதற்கு நேரே "கம்ப்ளீட்" வரும் வரை இப்படிச் சில நாள் ஓட்ட வேண்டியிருக்கலாம். அதற்குப் பிறகும் பி0420 வந்தால், 2,500 ஆர்பிஎம்மில் எடுத்த அந்த இரண்டு சென்சார் கிராப்பின் ஸ்கிரீன்ஷாட்டையும் லாங் டெர்ம் டிரிம் எண்ணையும் போடுங்கள். எதை வாங்கணும், எதை வாங்க வேண்டாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.